ஒத்தைக்கை முனியராஜ்

எந்தப் பக்கம் விழுவது என்பதுதான் முனியராஜுக்குப் பிடிபடவில்லை.

குடோனில் ஏணியின் மேல் நின்றுகொண்டிருந்தார். வலது பக்கம் சிமெண்டுத் தரை. இடது பக்கம் காலி அட்டைப்பெட்டிகள் குவிந்து கிடந்தன. சிமெண்டில் விழுந்தால் நிஜமாகவே அடிபட்டுவிடும். அது அவருடைய நோக்கம் இல்லை. அவருக்குத் தேவை கையில் ஒரு மாவுக்கட்டு, அவ்வளவுதான். அதுவும் இடது கையில். வலது கையில் கட்டுப் போட்டால் லோடு பில் எழுத முடியாது.

எல்லாம் முதலாளி காளீஸ்வரனால் வந்த வினை.

விஸ்வநத்தம் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனிகளுக்குள் பாதுகாப்பு வாரத்தின்போது ஒரு பாஸ்கட்பால் போட்டி நடக்கும். முனியராஜ் வேலை பார்க்கும் செவ்வந்தி பயர்ஒர்க்ஸ் அதில் ஒருமுறைகூட ஜெயித்ததில்லை. எல்லா வருடமும் வெற்றிக்கொடி பயர்ஒர்க்ஸ்தான் கப்பை வாங்கிக்கொண்டு, செவ்வந்தி வாசல் வழியாகவே வெடி போட்டுக்கொண்டு போகும். இந்த வருடம் முதலாளி டெஸ்பாட்ச் பக்கம் வந்தபோது, எல்லோரும் ஏணி போட்டு எடுக்கும் பெட்டியை முனியராஜ் நின்றபடியே கையை நீட்டி எடுப்பதைப் பார்த்துவிட்டார்.

"ஏலே முனியராஜு, எம்புட்டு உயரம்லே நீ. பாஸ்கட்பால் ஆடுவியா?"

முதலாளி கேட்ட எதற்கும் முனியராஜ் இதுவரை இல்லை என்று சொன்னதில்லை.

"ஆடுவேன் மொதலாளி."

"பள்ளிக்கூடத்துல ஆடுனியோ?"

"ஆடுனேன் மொதலாளி."

"கப்பு கிப்பு வாங்கிருக்கியா?"

"ஒண்ணு ரெண்டு மொதலாளி."

பள்ளிக்கூடத்தில் அவர் பாஸ்கட்பால் கம்பத்தைத் தொட்டதெல்லாம் அதில் சைக்கிளைச் சாய்த்து வைக்கும்போதுதான்.

ஆகவே கண்ணை மூடிக்கொண்டு இடது பக்கம் விழுந்தார். பெட்டிகள் அவர் நினைத்த மாதிரி தாங்கவில்லை. ஒன்றன்மேல் ஒன்று சறுக்கி அவரைத் தரையில் இறக்கிவிட்டன. இருந்தாலும் பெரிய வலி ஒன்றும் தெரியவில்லை. இருக்கிற வலியை வைத்துக்கொண்டு, பேக்கிங் ஷெட்டுவரை கேட்கும்படி அலறினார்.

முதலில் ஓடிவந்தவர் பாதுகாப்பு அதிகாரி சீனிவாசகம். ஏணியே தேவைப்படாத மனிதர் ஏணியில் ஏன் ஏறினார் என்று அவர் கேட்கவில்லை. சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு வாசல் கேட்டின் பக்கம் பார்த்தார். அங்கே 'விபத்தில்லா நாட்கள்' என்ற பலகை தொங்கியது. அதைத் தினமும் காலையில் தன் கைப்பட மாற்றி எழுதுவதுதான் அவருடைய வாழ்வின் சந்தோஷம்.

"எந்திரிங்க முனியராஜ். இங்கன விழலைன்னு சொல்லிருங்க."

"இங்கனதான சார் விழுந்தேன்?"

"பாதுகாப்பு வாரம் வர்ற நேரத்துல குடோனுக்குள்ள விபத்துன்னா, அதிகாரிக இன்ஸ்பெக்ஷனுக்கு வந்து உக்காந்துக்கிடுவாக. நான் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். உங்களைக் கும்பிட்டுக் கேக்கேன்."

"அப்ப எங்கன விழுந்தேன்னு சொல்ல?"

சீனிவாசகம் யோசித்தார். அவர் முகம் மெல்லத் தெளிந்தது.

"கிரவுண்டுல. பாஸ்கட்பால் ப்ராக்டிஸ் பண்ணும்போது விழுந்துட்டீக. விளையாட்டு, விபத்துக் கணக்குல வராது."

முனியராஜுக்கு அதில் ஏதோ இடறியது. ஆனால் சீனிவாசகமும் முதலாளியின் ஆள்தானே. "சரி சார்" என்றார்.

சிவகாசியில் ஒரு எலும்பு டாக்டரிடம் கூட்டிப் போனார்கள். அந்த ஆஸ்பத்திரிக்குப் பல்வலி என்று போனாலும் கட்டோடுதான் வெளியே வரவேண்டும் என்று ஊருக்குள் ஒரு பேச்சு உண்டு. முனியராஜ் அங்கேதான் போக வேண்டும் என்று அடம்பிடித்ததற்கு அதுவே காரணம். எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் யாரிடமோ போனில் பேசிக்கொண்டே படத்தை ஒரு பார்வை பார்த்தார்.

"கட்டுப் போட்டு விடும்மா" என்று நர்ஸ் பாண்டிமீனாவிடம் சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

"ரொம்ப வலிக்குதாண்ணே?" என்று கேட்டாள் பாண்டிமீனா.

"உயிர் போகுதும்மா" என்றார் முனியராஜ். எக்ஸ்ரே மெஷினையே ஏமாற்றிவிட்ட பெருமையில் அவருக்குச் சிரிப்பு வந்தது. பல்லைக் கடித்து அடக்கிக்கொண்டார். பார்த்தவர்கள் அதையும் வலி என்றே நினைத்தார்கள்.

அன்று சாயங்காலமே முதலாளி ஆப்பிள் பையோடு வீட்டுக்கு வந்துவிட்டார்.

"சீனிவாசகம் எல்லாஞ் சொன்னாரு. ப்ராக்டிஸ் பண்ணும்போதா விழுந்தே?"

"ஆமா மொதலாளி."

"ஆளுகளைக் கூட்டாம, யாருக்கும் சொல்லாம, தனியாப் போயி?"

"ஆமா மொதலாளி."

முதலாளியின் கண் கலங்கிவிட்டது. "இம்புட்டு வருசத்துல கம்பெனிக்காகக் கையை ஒடிச்சுக்கிட்ட மொத ஆளு நீதான்லே. இவனைப் பாத்துக்கம்மா" என்று முனியராஜின் மனைவி மாரிசெல்வியிடம் சொன்னார். பேக்கிங்கில் வேலை பார்க்கும் மாரிசெல்வி, முதலாளி தன்னிடம் நேரில் பேசிய சந்தோஷத்தையும் கணவனின் கை ஒடிந்த துக்கத்தையும் ஒரே முகத்தில் காட்டத் தெரியாமல் தவித்தாள்.

முதலாளிக்குப் பின்னால் ஒரு பெண் நின்றாள். ஷூவும் விசிலுமாக இருந்தாள்.

"இது கீர்த்திகா. விருதுநகர்ல இருந்து வருது. மாநில அளவுல ஆடுன பிள்ளை. நம்ம டீமுக்குக் கோச்சாப் போட்டுருக்கேன். இனி யாரை வச்சும்மா ஆட?"

கீர்த்திகா கட்டைப் பார்த்தாள். "இடது கைதானண்ணே? வலது கைக்கு ஒண்ணும் இல்லையே?"

"ஒண்ணும் இல்லம்மா."

"ரொம்ப நல்லதாப் போச்சு."

முனியராஜின் வாயில் இருந்த ஆப்பிள் துண்டு அப்படியே நின்றது.

"பந்தைக் கூடைக்குள்ள போடுறது ஒரு கை வேலைண்ணே. இடது கை சும்மா ஓரமா அணைச்சுக்கிடத்தான். ஆனா நம்ம ஆளுக அதைச் சும்மா வைக்கமாட்டாக. கடைசி நேரத்துல கட்டைவிரலால ஒரு தள்ளு. பந்து கோணிக்கிட்டுப் போயிரும். அந்தக் கையை அடக்குறதுக்குள்ள எனக்குப் போதும் போதும்னு ஆயிரும். நீங்க கட்டே போட்டு வந்துட்டீக." முதலாளியைத் திரும்பிப் பார்த்தாள். "சார், இவரையே ஆட விடுவோம். ஓட வேண்டாம். ஒரே இடத்துல நிக்கட்டும், பந்தைக் கொண்டுவந்து குடுப்போம். ஒத்தைக் கையால போடட்டும்."

"ஆடுவியாலே?" என்றார் முதலாளி.

"ஆடுவேன் மொதலாளி" என்று முனியராஜின் வாய் அதுபாட்டுக்குச் சொல்லிவிட்டது.

அதற்குப் பிறகு வீட்டில் பட்ட பாடு தனி. மாரிசெல்வி அவருக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிட்டாள், தலை துவட்டிவிட்டாள். வலது கை நன்றாக இருக்கும்போதே இட்லியைப் பிய்த்து ஊட்டிவிட்டாள். பேக்கிங்கில் நாளெல்லாம் நின்றுவிட்டு வந்து, வழக்கமாக அவர் எடுத்து ஊற்றும் தண்ணீர்க் குடத்தையும் தானே தூக்கினாள். முனியராஜ் குடத்தைத் தொடப் போனால் "கட்டுக் கையோட என்ன வேலை" என்று அதட்டினாள்.

ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்: "இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேந்துருக்கேங்க. உங்க கை கூடிருச்சுன்னா வெள்ளியில கைத்தகடு செஞ்சு போடுறதா."

முனியராஜ் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே போட்டார். மனுஷரை ஏமாற்றலாம், எக்ஸ்ரே மெஷினை ஏமாற்றலாம். இப்போது கணக்கு அம்மன்வரை போய்விட்டது.

விடிந்ததும் அவளிடம் உண்மையைச் சொல்லிவிடுவது என்றிருந்தார். ஆனால் மறுநாள் காலையில் கிரவுண்டில் ஒன்று நடந்தது.

பயிற்சியின் ஆரம்ப நாட்களில் கீர்த்திகா அவரைக் கூடைப் பக்கமே விடவில்லை. கிரவுண்டில் மல்லாக்கப் படுக்கச் சொல்லி, பந்தை நேராக மேலே போட்டுப் பிடிக்கச் சொன்னாள். போட்ட பந்தெல்லாம் மூக்கின்மேலேயே வந்து விழுந்தது. பிறகு எழுப்பி நிறுத்தி, கூடைக்குப் பக்கத்தில் நிற்கவைத்தாள்.

"உள்ளங்கையில வைக்காதீகண்ணே. விரல்ல தாங்கணும். முழங்கை பந்துக்கு நேர் கீழ இருக்கட்டும். முழங்காலை மடக்கி எந்திரிங்க. பலம் கால்ல இருந்து வரணும், கை சும்மா வழி காட்டுனாப் போதும். கடைசில மணிக்கட்டை மட்டும் ஒரு சொடக்கு. கையை உடனே இறக்காம, கொக்கு கழுத்தை வளைச்ச மாதிரி அப்படியே வச்சிருங்க."

லோடுமேன் மாரிக்கண்ணன்தான் அவருக்குத் துணை. ஒற்றைக் கையால் பந்தைப் பிடிக்க முனியராஜுக்கு வரவில்லை என்பதால், பக்கத்தில் வந்து விரித்த கையில் பந்தை வைத்துவிட்டு நகர்வான். பந்தி விளம்புவது மாதிரி இருக்கும். பார்க்க வந்த பேக்கிங் பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள்.

அந்தக் காலையில் மாரிக்கண்ணன் வைத்த பந்தை முனியராஜ் எதையும் நினைக்காமல் போட்டார். இருக்கன்குடித் தகட்டு ஞாபகத்தில் கீர்த்திகா சொன்னது எதுவும் மனதில் இல்லை. முழங்கால் தானாக மடங்கியது, கை தானாக எழுந்தது. பந்து வளையத்தைத் தொடாமல் வலைக்குள் இறங்கி 'சரக்' என்றது.

மாரிக்கண்ணன் ஓடிப்போய்ப் பந்தை எடுத்துவந்தான்.

"இன்னொன்னு வைலே" என்றார் முனியராஜ்.

அதுவும் இறங்கியது. அடுத்தது வளையத்தில் பட்டு வெளியே போனது. அதற்கடுத்தது இறங்கியது. இத்தனை வயதுவரை அவருடைய உயரம் நிலைப்படியில் இடித்துக்கொள்ளவும், அடுத்தவர்களுக்குப் பரணிலிருந்து சாமான் எடுத்துக் கொடுக்கவும்தான் பயன்பட்டிருந்தது. இதற்காகத்தான் வளர்ந்தோம்போல என்று முதன்முதலாக அவருக்குத் தோன்றியது. உண்மையைச் சொல்வதைப் போட்டி முடியட்டும் என்று தள்ளிவைத்தார்.

போட்டி நாள் வந்தது. செவ்வந்தி ஒருவழியாக இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டது. எதிரே வழக்கம்போல வெற்றிக்கொடி. அதன் மேனேஜரும் கேப்டனும் ஒரே ஆள், விக்னேஷ்குமார். காலேஜில் ஆடியவன்.

முந்தைய ஆட்டங்களில் யாரும் கட்டைக் கண்டுகொள்ளவில்லை; ஆனால் முனியராஜ் உள்ளே வந்ததும் விக்னேஷ்குமார் கையைத் தூக்கினான். "சார், இவரு மாவுக்கட்டோட வந்தா எப்படி? எங்க ஆளுக மண்டையில பட்டா என்ன ஆகும்?"

நடுவர் கட்டைத் தட்டிப் பார்த்தார். மூன்று வாரத்துக்கு முன்னால் என்றால் "வெளிய போங்க" என்ற சொல்லுக்காக முனியராஜ் தேங்காய் உடைத்திருப்பார். இப்போது ஆட விடாமல் பண்ணிவிடுவார்களோ என்று பயந்தார்.

"பஞ்சு வச்சுச் சுத்தி, உடம்போட சேத்துக் கட்டிருங்க. பனியனுக்கு உள்ளயே இருக்கட்டும்" என்றார் நடுவர்.

மாரிசெல்வி தன் துப்பட்டாவைக் கொடுத்தாள். அதை வைத்து இடது கையை நெஞ்சோடு சேர்த்துக் கட்டினார்கள்.

விசில் அடித்தது. முனியராஜ் கூடைக்குப் பக்கவாட்டில் தன் இடத்தில் போய் நின்றார். மாரிக்கண்ணன் குனிந்து நெளிந்து வந்து கையில் பந்தை வைத்தான். சரக். வெற்றிக்கொடிக்காரர்களுக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. கை ஒடிந்த மனிதரை எப்படி இடிப்பது? கிட்டே வந்து தயங்கி நின்றார்கள். அந்தத் தயக்கம் போதும். சரக்.

பாதி ஆட்டத்துக்குப் பிறகு விக்னேஷ்குமார் தன் ஆட்களிடம் இரைந்தான். "பாவம் பாக்காதீகலே. போயி மறிங்க." மறித்தார்கள். ஆனால் முனியராஜின் கை புறப்படும் இடம் அவர்கள் துள்ளினாலும் எட்டாத உயரத்தில் இருந்தது. பந்து சில தடவை வெளியே போனது, பல தடவை உள்ளே போனது. வெற்றிக்கொடியும் விடவில்லை. கடைசி நிமிடத்தில் ஒரு பாயிண்ட் முன்னால் இருந்தது.

மாரிக்கண்ணன் கடைசியாக ஒருமுறை பந்தைக் கொண்டுவந்து வைத்தான். முனியராஜ் எழும்பும்போது விக்னேஷ்குமாரே பாய்ந்து வந்து முட்டிவிட்டான். விசில். யாரும் மறிக்க முடியாத இரண்டு ஃப்ரீ த்ரோ.

கோட்டருகே முனியராஜ் தனியாக நின்றார். கூட்டம் முழுக்க எழுந்து நின்றது. முதலாளி பார்க்க மாட்டாமல் திரும்பி நின்றுகொண்டு, "என்ன ஆச்சு, என்ன ஆச்சு" என்று சீனிவாசகத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

முதல் பந்து இறங்கியது. சமம்.

இரண்டாவது பந்து வளையத்தின் விளிம்பில் உட்கார்ந்து, போகவா வேண்டாமா என்று ஒரு சுற்றுச் சுற்றியது. முனியராஜ் கையை இறக்கவே இல்லை. கொக்கின் கழுத்து அப்படியே நின்றது. பந்து உள்ளே விழுந்தது.

பேக்கிங் பெண்கள் கிரவுண்டுக்குள் இறங்கிவிட்டார்கள். சரவெடி வெடித்தது. லோடுமேன்கள் முனியராஜைத் தூக்கினார்கள்; அவர் நீளத்துக்குத் தோள் போதாமல் காலைத் தனியாக இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள்.

மேடையில் முதலாளி மைக்கைப் பிடித்தார். "கை ஒடிஞ்சும் கம்பெனியை விட்டுக்குடுக்காத ஆளு. இந்த சீசனுக்கு 'ஒத்தைக்கை'ன்னு ஒரு புது வெடி விடப்போறேன். பெட்டி லேபிள்ல முனியராஜு படம். அந்தக் கட்டோட. இன்னைக்கே அச்சுக்கு ஆர்டர் குடுக்கேன். சந்தோசமாலே?" என்று மைக்கை முனியராஜ் பக்கம் நீட்டினார்.

கீழே முதல் வரிசையில் மாரிசெல்வி அழுதுகொண்டே பக்கத்துப் பெண்ணிடம் வெள்ளித் தகட்டின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். முனியராஜ் கப்பைப் பார்த்தார். கட்டைப் பார்த்தார். இந்தப் பொய் லேபிளாகி, வட நாட்டுக்கெல்லாம் லோடு ஏறப்போகிறது. அந்த லோடுக்கு அவரே பில் எழுத வேண்டும்.

"இல்லை மொதலாளி" என்றார்.

முதலாளியிடம் அவர் சொன்ன முதல் 'இல்லை' அது. மைக் வழியாக விஸ்வநத்தம்வரை கேட்டது.

"என் கை ஒடியவே இல்லை. எனக்குப் பாஸ்கட்பாலும் தெரியாது. ஆடாம தப்பிக்கணும்னு நானாத்தான் ஏணியில இருந்து விழுந்து கட்டுப் போட்டுக்கிட்டேன். எல்லாரும் என்னை மன்னிச்சிருங்க."

ஒரு ஆள் மட்டும் எழுந்தார். சீனிவாசகம்.

"அப்ப குடோன்ல விபத்தே நடக்கலை" என்றார், கண்ணீர் மல்க.

அடுத்து எழுந்தது விக்னேஷ்குமார். "கை ஒடிஞ்ச ஆளுன்னுதான எங்க பயலுக ஒதுங்கிப் போனாக? இது மோசடி. கப்பை எங்ககிட்டக் குடுங்க."

முதலாளி முகம் கறுத்துவிட்டது. முனியராஜைப் பார்த்தார், கப்பைப் பார்த்தார். இத்தனை வருடம் காத்திருந்து வாங்கிய கப்பு. "அவன் வாயால சொன்னா ஆச்சா? டாக்டர் சொல்லட்டும்" என்றார். "ஒடியலைன்னு அங்க சொன்னாகன்னா, நானே உங்க கையில குடுக்கேன். வண்டியை எடுங்கலே."

கம்பெனி வேனில் எல்லோரும் ஏறினார்கள். கப்பு முதலாளி மடியில் இருந்தது. விக்னேஷ்குமார் அதையே பார்த்துக்கொண்டு வந்தான்.

மாரிசெல்வி விரல்விட்டு எதையோ எண்ணிக்கொண்டு வந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "எம்புட்டு இட்லி ஊட்டிருக்கேன்."

"தப்புத்தான் செல்வி."

"டாக்டர் ஒடியலைன்னு சொல்லட்டும். வீட்டுக்குப் போயி அம்மியில வச்சு நானே ஒடிச்சுவிடுறேன். அம்மனுக்கு நேந்தது வீணாப் போகக்கூடாதுல்ல."

பின் சீட்டில் இருந்த கீர்த்திகா மட்டும் கவலைப்படவில்லை. "கட்டு பொய்யா இருந்துட்டுப் போகுதுண்ணே. பந்து உள்ள போனது பொய்யா? நாளைக்கும் கிரவுண்டுக்கு வந்துருங்க."

முனியராஜுக்கு அந்த நேரத்திலும் உள்ளுக்குள் ஏதோ ஒன்று நிமிர்ந்தது. கப்பு போகட்டும், வேலை போகட்டும். ஒற்றைக் கையால் போட்டது தான்தான். அதை யாரும் வாங்கிக்கொண்டு போக முடியாது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் வெளியே போயிருந்தார். பாண்டிமீனா இருந்தாள். கப்பும் கூட்டமுமாக ஆட்கள் நுழைவதைப் பார்த்து எழுந்து நின்றாள்.

"கட்டைப் பிரிங்கம்மா" என்றார் முனியராஜ், கையை நீட்டி. "என் கை ஒடியவே இல்லைன்னு இவுக எல்லார்கிட்டயும் சொல்லிருங்க. நான் செஞ்சது தப்பு. ஒத்துக்கிட்டேன்."

"இருங்க, பிரிக்கிறதுக்கு முன்னாடி ஒரு படம் எடுத்துருவோம்" என்று உள்ளே கூட்டிப் போனாள்.

வெளியே யாரும் உட்காரவில்லை. சற்று நேரத்தில் பாண்டிமீனா ஈரம் காயாத படத்தோடு வந்தாள். முனியராஜ் தலைகுனிந்து பின்னால் வந்தார். விக்னேஷ்குமார் கப்பை வாங்கிக்கொள்ள முதலாளியை ஒட்டி நின்றுகொண்டான்.

பாண்டிமீனா படத்தை டியூப் லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். ஒருமுறை பார்த்தாள். பிறகு முனியராஜை ஏற இறங்கப் பார்த்தாள்.

"மணிக்கட்டுல இம்புட்டு நீள விரிசல், இப்பத்தான் பாதி கூடிருக்கு, இதை வச்சுக்கிட்டு, கை ஒடியவே இல்லைன்னு எதுக்குண்ணே இத்தனை பேரைக் கூட்டியாந்து பொய் சொல்றீக?"